பெயரைச் சொன்னால் முகவரி கிடைப்பது எப்படி? சிறு வணிக வலையமைப்பொன்றில் டீ.என்.எஸ். உருவமைத்தல்



க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இணையம் பற்றிய அலகைப் படிக்கும்போது நீங்கள் மனனம் செய்யும் வரிகளுள் ஒன்று, "ஆள்களப் பெயரை ஐ.பீ. முகவரியாக மாற்றித் தருவது டீ.என்.எஸ். ஆகும்" என்பதாகும். வரி சரியானது. பல்தேர்வு வினாவுக்கு அது போதும். ஆனால் "ஒரு நிறுவனத்தில் இணையத்தளங்கள் எல்லாம் திறக்கின்றன, நிறுவனத்தின் சொந்தச் சேவையகம் மட்டும் பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை. காரணம் யாது?" என்று கட்டமைப்பு வினா வந்தால், மனனம் செய்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுத முடியாது. அத்துடன் உங்களிற் சிலர் பரீட்சை முடிந்ததும் கடையிலோ அலுவலகத்திலோ கணினி பார்க்கும் வேலைக்குப் போவீர்கள். அங்கே முதல் மாதத்திலேயே சந்திக்கப்போகும் கோளாறு இதுதான். எனவே இக்கட்டுரையில் பன்னிரண்டு கணினிகள் உள்ள ஓர் அச்சகத்தை மனதிற் கொண்டு டீ.என்.எஸ். எவ்வாறு உருவமைக்கப்படுகின்றது என்பதை நோக்குவோம்.

ஒரு சொல் முன்கூட்டியே. கட்டளைகளையும் பதிவு வகைகளையும் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சுச் செய்ய வேண்டும். இங்கு அவற்றின் ஒலிப்பை மாத்திரம் தமிழில் தந்துள்ளேன்.

முகவரி இருக்கப் பெயர் எதற்கு?

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பீ. முகவரி ஒன்று உண்டு. நான்காம் பதிப்பு முகவரி 32 பிட்டுகளைக் கொண்டது. அதனை 0 தொடக்கம் 255 வரையிலான நான்கு எண்களாக எழுதுகின்றோம். 192.168.10.2 என்பது ஓர் உதாரணம். கணினிக்கு இது போதும், மனிதருக்குப் போதாது. அத்துடன் சேவையகத்தை மாற்றினால் முகவரியும் மாறலாம். பெயர் மாறாது. இந்த இரண்டாவது காரணத்தைப் பெரும்பாலான மாணவர்கள் எழுதுவதில்லை. முதலாவதை விட அதுவே பெறுமதியான காரணம் என்பது என் கருத்து.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஆரம்பத்தில் டீ.என்.எஸ். இருக்கவில்லை. எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. "ஹோஸ்ட்ஸ்" எனப்பட்ட அக்கோப்பை ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம் பேணி வந்தது. மற்றவர்கள் அதனை அவ்வப்போது பிரதிசெய்து கொண்டார்கள். கணினிகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்த முறை தாக்குப்பிடிக்கவில்லை. ஒருவர் கோப்பைப் பிரதிசெய்து முடிப்பதற்குள் அது பழையதாகிவிடும். இதற்குத் தீர்வாக 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் டீ.என்.எஸ். முறைமையை வடிவமைத்தார். 1987 இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றைக்கும் அடிப்படையாக உள்ளன.

பழைய கோப்பு முற்றாக ஒழிந்துவிடவில்லை. உங்கள் வீட்டுக் கணினியிலும் "ஹோஸ்ட்ஸ்" என்ற சிறிய கோப்பு இருக்கின்றது. கணினி டீ.என்.எஸ். சேவையகத்திடம் கேட்பதற்கு முன் அதனைத்தான் பார்க்கும். இதனை நினைவில் வைத்திருங்கள், பாதுகாப்புப் பற்றிப் பேசும்போது மீண்டும் வருவோம்.

ஒரே இடத்தில் எல்லாம் இல்லை

வேறு மாவட்டத்தில் உள்ள ஒருவரின் வீட்டை நீங்கள் தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் ஒரு பெரிய புத்தகத்தில் நாட்டிலுள்ள எல்லா வீடுகளும் எழுதப்பட்டிருப்பதில்லை. மாவட்டச் செயலகம் எந்தப் பிரதேச செயலகம் என்று சொல்லும். பிரதேச செயலகம் எந்தக் கிராம அலுவலர் என்று சொல்லும். கிராம அலுவலருக்குத்தான் வீடு தெரியும். மேலே உள்ளவருக்கு வீடு தெரியாது, அடுத்து யாரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். டீ.என்.எஸ். முறைமையும் இப்படித்தான் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கின்றது.

பரீட்சைத் திணைக்களத்தின் டொனெட்ஸ்.எல்கே என்ற பெயரை எடுப்போம். ஆள்களப் பெயரை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். வலப்பக்கக் கோடியில் நாம் எழுதாத ஒரு புள்ளி உள்ளது, அது வேர். வேர்ச் சேவையகங்களுக்கு 13 பெயர்கள் உண்டு. அப்பெயர்களின் கீழ் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் சேவையகங்கள் இயங்குகின்றன. அடுத்தது "எல்கே", இது மேல்மட்ட ஆள்களம். இலங்கைக்குரிய இந்த ஆள்களம் 1990 இல் ஒதுக்கப்பட்டது. அதன்பின் "டொனெட்ஸ்". உங்களுக்காகத் தேடும் டீ.என்.எஸ். சேவையகம் முதலில் வேரிடம் கேட்கும். "எனக்குத் தெரியாது, எல்கே சேவையகங்களிடம் கேள்" என்று விடை வரும். அவற்றிடம் கேட்டால் "டொனெட்ஸ் ஆள்களத்துக்குப் பொறுப்பான சேவையகம் இது" என்று விடை வரும். அதனிடம் கேட்டால்தான் முகவரி கிடைக்கும். இவ்வளவும் நடந்து முடிய ஒரு செக்கனும் ஆவதில்லை.

இங்கே மாணவர்கள் அடிக்கடி விடும் தவறொன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். டீ.என்.எஸ். சேவையகம் இணையப் பக்கத்தைக் கொண்டுவந்து தருவதில்லை. முகவரியைச் சொல்வதுடன் அதன் வேலை முடிந்துவிடும். பெறுபேறு வெளியாகும் நாளில் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் தளத்தைத் திறக்க முயலும்போது பக்கம் வரத் தாமதித்தால், அதற்கு டீ.என்.எஸ். மீது பழி போட வேண்டியதில்லை. முகவரி கிடைத்துவிட்டது, வாசலில்தான் வரிசை. அதேபோலக் கணினிக்கு ஐ.பீ. முகவரியை ஒதுக்கிக் கொடுப்பதும் டீ.என்.எஸ். அல்ல, அது டீ.எச்.சீ.பீ. நடப்பொழுங்கின் வேலை. இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றார்கள்.

தமிழிலும் ஆள்களப் பெயர் வைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? ".இலங்கை" என்ற மேல்மட்ட ஆள்களம் 2010 இல் வேரிற் சேர்க்கப்பட்டது. ஆனால் டீ.என்.எஸ். உள்ளே தமிழ் எழுத்துகள் அப்படியே செல்வதில்லை. வலை மேலோடி அப்பெயரை, எக்ஸ், என், இரண்டு சிறு கோடுகள் என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றி அனுப்பும். நாம் எடுத்துக்கொள்ளும் அச்சகத்துக்கு, உதாரணத்துக்காக மட்டும், அச்சகம்.இலங்கை என்று பெயர் வைப்போம்.

அச்சகத்தின் வலையமைப்பு

அச்சகத்தில் பன்னிரண்டு கணினிகள், ஒரு சேவையகம், ஒரு வலையமைப்பு அச்சுப்பொறி, ஆளி எனப்படும் சுவிட்ச் ஒன்று, இணையச் சேவை வழங்குநர் தந்த ரவுட்டர் ஒன்று என்பன உள்ளன. திருமண அழைப்பிதழ், பாடசாலை மலர் ஆகியவற்றின் கோப்புகள் எல்லாம் சேவையகத்தில் இருக்கின்றன. கணக்கு மென்பொருளும் அங்கேயே. சேவையகத்தைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நாளை காலை மலர் வெளியீட்டு விழா என்றால் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதற்படி, சேவையகத்துக்கு மாறாத முகவரி கொடுத்தல். ரவுட்டர் 192.168.10.1 எனில் சேவையகத்தை 192.168.10.2 என வைப்போம். 192.168 எனத் தொடங்குபவை தனியார் முகவரிகள். இவை அச்சகத்தின் உள்ளே மட்டும் செல்லுபடியாகும். வழி சொல்லும் சேவையகத்தின் இடமே தினமும் மாறினால் யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே சேவையகத்துக்கு டீ.எச்.சீ.பீ. மூலம் மாறும் முகவரி கொடுக்கக் கூடாது. அச்சுப்பொறிக்கும் 192.168.10.20 என நிலையான முகவரி கொடுக்கலாம். பன்னிரண்டு கணினிகளுக்கும் 192.168.10.100 தொடக்கம் 192.168.10.200 வரையிலான முகவரிகளைத் தானாகவே பகிர்ந்தளிக்க விடலாம்.

இரண்டாவதாகச் சேவையகத்தில் டீ.என்.எஸ். மென்பொருளை நிறுவ வேண்டும். விண்டோஸ் சேர்வர் பணிசெயல் முறைமையில் அது உள்ளடங்கியே வருகின்றது, சேர்த்துக்கொண்டால் சரி. லினக்ஸ் ஆயின் பைண்ட் எனும் மென்பொருள் நீண்டகாலமாகப் பயன்பட்டு வருகின்றது. நிறுவிய பின் வலயம் ஒன்றை உருவாக்க வேண்டும். வலயம் என்பது இந்தச் சேவையகம் பொறுப்பேற்று விடை சொல்லும் பெயர்களின் தொகுதி ஆகும். நமது அச்சகத்துக்கு உள்.அச்சகம்.இலங்கை என்ற வலயத்தை உருவாக்குவோம். ஏன் "உள்" என்று ஒரு முன்னொட்டு என்பதைப் பின்னர் விளக்குகின்றேன்.

வலயத்துக்குள் பதிவுகளை எழுத வேண்டும். நமக்குத் தேவையானவை இவ்வளவுதான்:

சேவையகம் – ஏ பதிவு – 192.168.10.2
அச்சுப்பொறி – ஏ பதிவு – 192.168.10.20
கணக்கு – சீநேம் பதிவு – சேவையகம்.உள்.அச்சகம்.இலங்கை

ஏ பதிவு பெயரை நான்காம் பதிப்பு முகவரியுடன் இணைக்கின்றது. ஆறாம் பதிப்பு முகவரியாயின் நான்கு ஏ சேர்ந்த பதிவு பயன்படும். ஆறாம் பதிப்பு முகவரி 128 பிட்டு, நான்காம் பதிப்பின் நான்கு மடங்கு. பெயரை இதை வைத்து ஞாபகம் வைக்கலாம். சீநேம் என்பது ஒரு பெயருக்கு இன்னொரு பெயரை இடுதல், அதாவது புனைபெயர். கணக்கு மென்பொருளை நாளை வேறு சேவையகத்துக்கு மாற்றினால் இந்த ஒரு வரியைத் திருத்தினாற் போதும். பன்னிரண்டு கணினிகளிலும் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. மின்னஞ்சலுக்குரியது எம்எக்ஸ் பதிவு, ஆள்களத்துக்குப் பொறுப்பான சேவையகம் எது என்று சொல்வது என்எஸ் பதிவு. இவையும் வினாத்தாள்களுக்குப் பயன்படும்.

முகவரியிலிருந்து பெயரைத் தேட மறுதலை வலயம் ஒன்றும் வைப்பதுண்டு. அதில் முகவரி தலைகீழாக எழுதப்படும். 192.168.10.2 என்பது 2.10.168.192 என ஆகும். பெயரில் பொதுப் பகுதி வலப்பக்கத்திலும் முகவரியில் பொதுப் பகுதி இடப்பக்கத்திலும் இருப்பதே இதற்குக் காரணம். சிறு நிறுவனத்துக்கு இது கட்டாயமில்லை, இருந்தால் பிழை தேடும்போது உதவும்.

அடுத்தது முன்னனுப்பி. அச்சகச் சேவையகத்துக்குத் தன் வலயத்துப் பெயர்கள் மட்டுமே தெரியும். ஊழியர் ஒருவர் செய்தித்தளம் ஒன்றைக் கேட்டால்? சேவையகம் தானே வேரிலிருந்து தேடலாம், அல்லது இணையச் சேவை வழங்குநரின் டீ.என்.எஸ். சேவையகத்திடம் கேள்வியை அனுப்பி விடையைப் பெறலாம். இவ்வாறு அனுப்புமிடத்தைக் குறித்து வைப்பதே முன்னனுப்பியை உருவமைத்தல். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேயரின் 1.1.1.1 போன்ற பொதுச் சேவையகங்களையும் இங்கே குறிக்கலாம்.

இறுதியாக, பன்னிரண்டு கணினிகளும் யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கணினியாகச் சென்று எழுதத் தேவையில்லை. டீ.எச்.சீ.பீ. முகவரியைக் கொடுக்கும்போதே "உனது டீ.என்.எஸ். சேவையகம் 192.168.10.2" என்பதையும் சேர்த்துக் கொடுக்கும்.

இரண்டாவது பெட்டியில் என்ன எழுதுவது?

கணினியின் வலையமைப்பு அமைப்புகளில் டீ.என்.எஸ். சேவையகத்துக்கு இரண்டு பெட்டிகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். முதலாவது முதன்மை, இரண்டாவது மாற்று. இந்த இரண்டாவது பெட்டியில்தான் பெரும்பாலானோர் சறுக்குகின்றார்கள். "முதலாவது பெட்டியில் நமது சேவையகம், இரண்டாவதில் 8.8.8.8. உள்ளேயுள்ள பெயரை நமது சேவையகம் சொல்லும், அதற்குத் தெரியாததை மற்றது சொல்லும்" என்று எண்ணுகின்றார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆனால் பிழை.

கணினி இரண்டாவது சேவையகத்திடம் எப்போது போகும்? முதலாவது விடையே தராவிட்டால் மட்டும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்பதும் ஒரு விடைதான். அந்த விடையைப் பெற்ற கணினி திருப்தியடைந்துவிடும், அடுத்தவரிடம் கேட்காது. ஆக இரண்டாவது பெட்டி தெரியாததைக் கேட்பதற்கான இடமல்ல, முதலாமவர் மௌனமாக இருந்தால் கேட்பதற்கான இடம். இரு பெட்டிகளிலும் உள்ள சேவையகங்கள் ஒரே கேள்விக்கு ஒரே விடையைத் தருபவையாக இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் விதி.

இப்போது அச்சகத்தில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். சேவையகம் வேலைப்பளுவால் ஒரு கணம் விடை தரத் தாமதிக்கின்றது. கணினி உடனே 8.8.8.8 இடம் "கணக்கு.உள்.அச்சகம்.இலங்கை எங்கே?" என்று கேட்கின்றது. வெளியுலகில் அப்பெயர் எங்கும் எழுதப்படவில்லை. "இல்லை" என்று விடை வருகின்றது. கணினி அதை நம்பி, சிறிது நேரம் ஞாபகத்திலும் வைத்துக்கொள்கின்றது. ஊழியரின் திரையில் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, செய்தித்தளம் மட்டும் நன்றாகத் திறக்கின்றது. பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடுகின்றது. பின்னேரம் மீண்டும் வருகின்றது. இப்படி வந்து வந்து போகும் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். கேபிளை மாற்றுவார்கள், சுவிட்ச்சை மாற்றுவார்கள், பணம் செலவாகும், பிழை அப்படியே இருக்கும்.

சரியான ஏற்பாடு, 192.168.10.3 இல் இன்னொரு டீ.என்.எஸ். சேவையகத்தை வைத்து வலயத்தின் பிரதியை அதற்குக் கொடுத்து அதனை இரண்டாவது பெட்டியில் எழுதுவதாகும். அதற்கு வசதியில்லாவிட்டால் பெட்டியை வெறுமையாக விடுவதே மேல். அவ்வாறு விட்டால் சேவையகம் நின்றதும் இணையத்தளங்களையும் பெயர் சொல்லித் திறக்க முடியாது போகும். அது உண்மையான குறைபாடுதான். ஆனால் கோளாறு எங்கே என்பது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். 8.8.8.8 இருக்க வேண்டிய இடம் சேவையகத்தின் முன்னனுப்பிப் பட்டியல். கணினிகளின் பெட்டி அல்ல.

இதே கோளாறு நம் நாட்டில் இன்னொரு வழியாலும் வரும். 2022 இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீடித்ததை உங்கள் வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் திரும்பி வரும்போது ரவுட்டர் விரைவாக எழுந்துவிடும். சேவையகம் எழுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். ரவுட்டரிலும் டீ.எச்.சீ.பீ. செயற்பட்டுக் கொண்டிருந்தால், அது முந்திக்கொண்டு கணினிகளுக்கு முகவரியைக் கொடுத்து, சேவை வழங்குநரின் டீ.என்.எஸ். சேவையகத்தையும் காட்டிவிடும். பிறகு சேவையகம் எழுந்தும் பயனில்லை, கணினிகள் அதனிடம் கேட்பதில்லை. எனவே ரவுட்டரின் டீ.எச்.சீ.பீ. வசதியை நிறுத்தி, அவ்வேலையைச் சேவையகத்திடமே ஒப்படைக்க வேண்டும். ஒரு வலையமைப்பில் முகவரி பகிர்பவர் ஒருவராக இருப்பது நல்லது. சேவையகத்துக்கு யூ.பீ.எஸ். ஒன்றும் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர்

அச்சகத்துக்கு வெளியுலகுக்கான இணையத்தளம் ஒன்று அச்சகம்.இலங்கை என்ற பெயரில், வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தில், 203.0.113.25 என்ற முகவரியில் உள்ளது என்போம். அந்த முகவரி வரிசை உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. உள்வலயத்துக்கும் அச்சகம்.இலங்கை என்று அதே பெயரை வைத்திருந்தால் என்ன நடக்கும்?

உள்ளே இருக்கும் சேவையகம் "இந்த ஆள்களம் முழுவதற்கும் நானே பொறுப்பு" என்று நம்பிவிடும். இணையத்தளத்துக்குரிய பதிவு அதனிடம் இல்லை. ஆகவே "இல்லை" என்று சொல்லும், வெளியே கேட்டுப் பார்க்காது. உலகில் எல்லோரும் பார்க்கக்கூடிய இணையத்தளத்தை அச்சகத்து ஊழியர்கள் மட்டும் பார்க்க முடியாத வேடிக்கை நிகழும். உரிமையாளர் தொலைபேசியில் பார்த்தால் தளம் தெரியும், அலுவலகக் கணினியில் பார்த்தால் தெரியாது. ஒரே பெயரை வைத்தே ஆக வேண்டுமெனில் 203.0.113.25 இற்கான பதிவை உள்வலயத்திலும் கையால் எழுத வேண்டும், வெளியே முகவரி மாறும்போதெல்லாம் உள்ளேயும் மறக்காமல் மாற்ற வேண்டும். யார் மறக்காமல் மாற்றுவார்கள்? ஆகையாற்றான் "உள்" என்ற முன்னொட்டுடன் வேறொரு வலயத்தை உருவாக்கினோம்.

முன்பு பலர் உள்வலயத்துக்கு ".லோக்கல்" என்று முடியும் பெயரை வைத்தார்கள். 2013 இல் வெளியான விதியொன்று அம்முடிவை வேறொரு தேவைக்கு ஒதுக்கியது. அச்சுப்பொறி போன்ற சாதனங்கள் டீ.என்.எஸ். சேவையகம் இல்லாமலே ஒன்றையொன்று கண்டறியும் முறைக்கு அது பயன்படுகின்றது. ஆகவே இனி அதனை வைக்காதிருப்பது நல்லது. சொந்தமாகப் பதிவுசெய்த ஆள்களத்தின் கீழ் உள்வலயத்தை அமைப்பதே பாதுகாப்பானது. மற்றவர் பெயரைத் தெரியாமல் பயன்படுத்தும் அபாயம் அதில் இல்லை.

பதுக்கு நினைவும் வாழ்காலமும்

ஒவ்வொரு தடவையும் வேர்வரை சென்று கேட்டால் தாமதமாகும். ஆகவே பெற்ற விடையைச் சேவையகமும் கணினியும் குறித்த காலத்துக்குப் பதுக்கி வைக்கின்றன. அக்காலம் வாழ்காலம் எனப்படும், அது செக்கன்களில் எழுதப்படும். 3600 என்றால் ஒரு மணித்தியாலம், 86400 என்றால் ஒரு நாள். அச்சகம் தனது இணையத்தளத்தை வேறு சேவையகத்துக்கு மாற்றுகின்றது, வாழ்காலம் 86400 எனில், பதிவை மாற்றிய பின்னரும் சிலர் ஒரு நாள்வரை பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் மாற்றுவதற்கு ஓரிரு நாள்கள் முன்னதாகவே வாழ்காலத்தை 300 போன்ற சிறிய எண்ணாகக் குறைத்துவிட்டு, மாற்றம் முடிந்த பின் பழையபடி கூட்டுவார்கள்.

பரிசோதித்தல்

கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. முகவரிக்குச் செல்ல முடிகின்றதா, பெயருக்குச் செல்ல முடிகின்றதா? கட்டளைச் சாளரத்தில் "பிங்" கட்டளையுடன் 192.168.10.2 என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். பின்னர் அதே கட்டளையைச் சேவையகத்தின் பெயருடன் கொடுக்க வேண்டும். முகவரிக்கு விடை வந்து பெயருக்கு வராவிடின் பிழை டீ.என்.எஸ். பக்கம். இரண்டுக்கும் வராவிடின் கேபிள், சுவிட்ச், சேவையகம் என்பவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்து "என்எஸ்லுக்அப்" கட்டளை. இது விடையுடன், விடை சொன்னவர் யார் என்பதையும் முதல் வரியிலேயே காட்டும். அங்கே 192.168.10.2 இற்குப் பதிலாக வேறொரு முகவரி தெரிந்தால் கணினி தவறானவரிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றது என்பது அத்துடன் உறுதியாகும். பதிவைத் திருத்திய பின்னும் பழைய விடையே வந்தால் "ஐபீகொன்ஃபிக்" கட்டளையின் பின் ஒரு சாய்கோடும் "ஃப்ளஷ்டீஎன்எஸ்" என்பதும் கொடுத்துக் கணினியின் பதுக்கு நினைவை வெறுமையாக்கலாம்.

பெயரைத் திருடினால்

ஒருவரின் வீட்டுக்குள் நுழையாமலே அவருக்கு வருபவர்களை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா? பெயர்ப்பலகையை மாற்றினால் முடியும். 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி இலங்கையில் இது நடந்தது. எல்கே ஆள்களப் பெயர்கள் சிலவற்றின் டீ.என்.எஸ். பதிவுகள் மாற்றப்பட்டன. கூகுளின் இலங்கை முகவரியைக் கொடுத்தவர்கள் நாட்டின் சமூகப் பிரச்சினைகள் பற்றி எழுதப்பட்ட வேறொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கூகுளின் சேவையகங்களுள் எவரும் நுழையவில்லை, பெயர் மட்டுமே திசைதிருப்பப்பட்டது. வங்கியொன்றின் பெயர் இவ்வாறு திசைதிருப்பப்பட்டு, அதே தோற்றமுள்ள போலிப் பக்கம் காட்டப்பட்டால் கடவுச்சொற்கள் திருடரின் கைக்குப் போய்விடும்.

அச்சகத்து மட்டத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. டீ.என்.எஸ். பயன்படுத்தும் 53 ஆம் இலக்கத் துறையை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் முன்பின் தெரியாதவர்கள் நமது சேவையகத்தைக் கொண்டு பிறரைத் தாக்குவார்கள். வலயத்தின் பிரதியை இரண்டாவது சேவையகத்துக்கு மட்டுமே கொடுக்க அனுமதிக்க வேண்டும். ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்ற வேண்டும், ஏனெனில் ரவுட்டருக்குள் நுழைபவர் டீ.என்.எஸ். முகவரியை இலகுவாக மாற்றிவிடுவார். முன்னர் கூறிய "ஹோஸ்ட்ஸ்" கோப்பையும் சில தீம்பொருள்கள் மாற்றியெழுதும். ஒரே ஒரு கணினியில் மட்டும் ஓர் இணையத்தளம் விசித்திரமாகத் தோன்றினால் அக்கோப்பைத் திறந்து பாருங்கள்.

மாதிரி வினாக்கள்

1. டீ.எச்.சீ.பீ., டீ.என்.எஸ். ஆகியவற்றின் தொழில்களை வேறுபடுத்துக.
விடை: டீ.எச்.சீ.பீ. வலையமைப்பில் இணையும் கணினிக்கு ஐ.பீ. முகவரியைத் தானாக ஒதுக்கும். டீ.என்.எஸ். ஆள்களப் பெயருக்குரிய ஐ.பீ. முகவரியைக் கண்டறிந்து கொடுக்கும்.

2. அலுவலகம் ஒன்றில் 192.168.10.2 என்று கொடுத்தால் சேவையகம் திறக்கின்றது. பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை. ஏனைய இணையத்தளங்கள் திறக்கின்றன. பெரும்பாலும் இருக்கக்கூடிய காரணம் ஒன்றையும், அதனை உறுதிப்படுத்தும் வழியையும் தருக.
விடை: கணினி அலுவலகத்தின் டீ.என்.எஸ். சேவையகத்திடம் கேட்காமல் வெளியிலுள்ள ஒன்றிடம் கேட்கின்றது. என்எஸ்லுக்அப் கட்டளையைக் கொடுத்து விடை தரும் சேவையகத்தின் முகவரியைப் பார்த்து உறுதிப்படுத்தலாம். ("டீ.என்.எஸ். பிழை" என்று மட்டும் எழுதி நிறுத்திவிட வேண்டாம். எந்தச் சேவையகத்திடம் கேட்கின்றது என்பதையும் எழுதினாலே விடை முழுமையாகும்.)

3. முதன்மை டீ.என்.எஸ். சேவையகம் "இப்பெயர் இல்லை" என விடை தந்தால் கணினி மாற்றுச் சேவையகத்திடம் கேட்குமா? காரணம் தருக.
விடை: கேட்காது. "இல்லை" என்பதும் முழுமையான ஒரு விடையாகும். முதன்மைச் சேவையகத்திடமிருந்து எவ்வித விடையும் வராதபோது மாத்திரமே கணினி மாற்றுச் சேவையகத்தை நாடும்.